கைப்பேசி மென்பொருளும் காப்பித் தோட்டமும்

முகவுரை

சேலம் நகரிலிருந்து வடதிசையை நோக்குவார்க்கு நீலமதில்போலத் தோன்றுவது சேர்வராயன் மலை. அதன்மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஏற்காட்டை அடைவதற்கு இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடத்தல் வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் எம் கல்லூரி மாணவர் சிலரோடு யாம் அவ்வூருக்குச் சென்று சில நாட்கள் தங்கியிருந்தோம். பகலில் காப்பித் தோட்டங்களினூடே உலாவுவதும், இரவில் குளிருக்கு அஞ்சி ஓரறையில் கூடியிருந்து உரையாடுவதும் எம் வழக்கமாயின. அத்தகைய உரையாடல் ஒன்றே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கணினியியல் பயிலும் மாணவர் ஒருவர் எம்மை நோக்கி, “ஐயா, கைப்பேசிக்குச் செயலி ஆக்குந் தொழிலில் முதன்முதல் இறங்கினவர்களே பெரும்பொருள் ஈட்டினார்கள் என்று சொல்லுகிறார்கள். இனி ஒரு புதிய தளம் தோன்றினால், படிப்பை நிறுத்தியாவது அதில் முதல்வராய் இறங்குவது நல்லதல்லவா?” என்று வினவினார். அவருடைய தகப்பனார் தமக்கிருந்த இரண்டு ஏக்கர் தோட்டத்தை ஈடுவைத்து அதற்கு வேண்டிய பணத்தைத் தரச் சித்தமாயிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆதலால் அவ்வினா பொழுதுபோக்கான வினாவன்று. அன்றிரவு யாம் அளித்த விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. அதனை விரிவாக ஆராய்ந்து எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தளம் என்பது யாது?

கைப்பேசியை இயக்கும் அடிப்படை மென்பொருள், அதன்மேல் பிறர் செயலிகளை ஆக்குதற்கு உதவும் கருவிகள், அச்செயலிகளை மக்களிடம் சேர்க்கும் கடை, அக்கடையின் சட்டதிட்டங்கள் ஆகிய இவையாவும் ஒருங்கு சேர்ந்ததே தளம் எனப்படும். ஐபோன் ஒரு தளம். ஆண்ட்ராய்டு மற்றொரு தளம். செயலி ஆக்குவோன் தளத்தைத் தான் படைப்பதில்லை. பிறர் படைத்த தளத்தின்மேல் தன் உழைப்பை இடுகின்றான்.

இதனை விளக்குதற்கு அம்மலையில் கண்ட காட்சியே போதும். இன்று ஏற்காட்டுக்கு வருவோர், நிழல்மரங்களின் கீழே செழித்து நிற்கும் காப்பிச் செடிகளைக் கண்டு மகிழ்கின்றனர். 1820-களில் சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பியைப் புகுத்தியபோது நிலைமை வேறு. மோட்டார் வண்டி ஏறும் பாதை இல்லை. எந்தச் சரிவில் எந்தச் செடி பிழைக்கும் என்று சொல்லுதற்கு முன்னர் நட்டவர் எவருமில்லை. நட்ட செடி காய்ப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். முதலில் நடுவோன் செடியை மட்டும் நடுவதில்லை. வழியையும் நிழலையும் அனுபவ அறிவையும் தானே உண்டாக்கிக்கொள்ளுகிறான். பின்வருவோர்க்கோ அவை உழைப்பின்றிக் கிடைக்கின்றன.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டக்காரன் பட்டா பெற்ற நிலத்தில் நடலாம். தளத்தில் செயலி ஆக்குவோனுக்குப் பட்டா என்பதே கிடையாது. அவன் என்றும் குத்தகைக்காரனே. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, முதன்முதல் இறங்கினவர்கள் உற்ற இடர்களை இனி ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது இடர்: வாயிலைக் கடத்தல்

ஐபோன் 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க நாட்டில் விற்பனைக்கு வந்தது. அப்பொழுது பிறர் ஆக்கிய செயலிகளுக்கு அதில் இடமில்லை. இணையப் பக்கங்களாகவே எதனையும் அமைத்துக்கொள்ளுமாறு ஆக்குநர்களுக்குச் சொல்லப்பட்டது. 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான் ஆக்குவதற்குரிய கருவிகள் வெளியிடப்பட்டன. ஜூலை 10-ஆம் நாள் ஏறத்தாழ 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் என்னும் கடை திறக்கப்பட்டது. முதல் வார இறுதிக்குள் ஒரு கோடி முறை செயலிகள் இறக்கிக்கொள்ளப்பட்டன என்று அந்நிறுவனம் அறிவித்தது.

இவ்வளவு பெரிய சந்தை திறந்தது உண்மையே. ஆயின் உள்ளே நுழைவது எளிதாயிருக்கவில்லை. ஆண்டுதோறும் 99 டாலர் கட்டணம் செலுத்தல் வேண்டும். ஆக்குதற்கு அந்நிறுவனத்தின் மேக் கணினியே வேண்டும். விற்ற விலையில் நூற்றுக்கு முப்பது பங்கு அன்று கடைக்குச் சேர்ந்தது. இந்தியாவில் 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐபோன் 3ஜி வந்தபோது அதன் தொடக்க விலையே 31,000 ரூபாய். செயலியைச் சோதிப்பதற்கேனும் அக்கருவி ஒன்று வேண்டுமன்றோ?

பணத்தினும் பெரிய தடை ஒன்று இருந்தது. கருவிகளைப் பெற்றவர்கள் அவற்றைப் பற்றிப் பிறரோடு பேசலாகாது என்னும் உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஒருவர் கண்ட தீர்வை மற்றொருவர்க்குச் சொல்லவும், நூல் எழுதிக் கற்பிக்கவும் அது இடந்தரவில்லை. ஆக்குநர்கள் முறையிட்டதன் பயனாக 2008-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வெளியான மென்பொருள்களைப் பொறுத்தமட்டில் அத்தடை நீக்கப்பட்டது. ஒரே மலையில் நடுவோர் பலர், ஒருவர் செடியில் கண்ட தண்டுத் துளைப்பானைப் பற்றி அடுத்த தோட்டத்தார்க்குச் சொல்லலாகாது என்றால் என்ன நேரும்? ஒவ்வொருவரும் தத்தம் செடியை இழந்தே பாடம் கற்பர்.

இரண்டாவது இடர்: நிலத்தின் குறுமை

முதல் ஐபோனின் நினைவகம் 128 மெகாபைட்டே. ஒரு செயலியை விட்டு மற்றொன்றுக்குச் சென்றால் முன்னையது நின்றுபோகும். பின்னணியில் பிறர் செயலி இயங்குதற்கு 2010-ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு வரையில் வழியில்லை. ஓரிடத்தில் எழுதியதைப் படியெடுத்து மற்றோரிடத்தில் ஒட்டும் எளிய வசதிகூட 2009-ஆம் ஆண்டிலேதான் வந்தது.

ஆண்ட்ராய்டு தளம் 2008-ஆம் ஆண்டு இறுதியில் முதற் கைப்பேசியோடு வெளிவந்தது. அதன் கடையில் சேர்வதற்கு ஒருமுறை 25 டாலர் செலுத்தினால் போதும். எந்தக் கணினியிலும் பெரும்பாலும் வேலை செய்யலாம். ஆயின் அங்கு இடர் வேறு வடிவில் வந்தது. பல நிறுவனங்கள் பல அளவான திரைகளோடும் பல பதிப்புகளோடும் கைப்பேசிகளை வெளியிட்டன. ஒன்றில் ஒழுங்காக இயங்கிய செயலி மற்றொன்றில் நின்றுவிடும். ஒரே மலையாயினும் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை மேற்குச் சரிவில் பெய்யாதது போன்றது இது.

மூன்றாவது இடர்: எழுத்து

தமிழில் செயலி ஆக்க முயன்றோர்க்கு இவற்றினும் கடினமான இடரொன்று காத்திருந்தது. நம் மொழியில் எழுத்துகள் 247. பழைய கைப்பேசியில் இருந்த பொத்தான்களோ பன்னிரண்டு. அன்றியும், குறுஞ்செய்தி ஒன்றுக்கு உரிய இடம் 140 பைட்டுகளே. ஆங்கில எழுத்தாயின் அதில் 160 குறிகள் அடங்கும். யூனிகோடு முறையில் தமிழை எழுதினால் 70 குறிகளே அடங்கும். அந்த 70-உம் 70 எழுத்துகள் ஆகா. ‘வணக்கம்’ என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் ஐந்து. புள்ளி தனிக்குறியாதலால் கணினி எண்ணும் குறிகள் ஏழு. வணக்கம் சொல்லுவதற்குள்ளேயே பத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும்.

எழுத்தைத் திரையில் காட்டுதலும் எளிதன்று. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்பதாக நாம் எழுதுகிறோம். ஆயின் யூனிகோடு முறையில் ககரமே முதலிலும் கொம்பு அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. காட்டும்பொழுது அவற்றை இடமாற்றிக் காட்டும் நெறி கைப்பேசிக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் அந்நெறி மட்டுமன்றித் தமிழ் எழுத்துருவே இல்லை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெற்றுச் சதுரங்களே வரிசையாகத் தோன்றின. 2011-ஆம் ஆண்டில் 4.0 பதிப்பு வந்தபின்னரே அக்குறை நீங்கத் தொடங்கிற்று. அதுவரையில் பலர் ஓபரா மினி என்னும் உலாவியில் ஓர் அமைப்பை மாற்றி, தொலைவிலிருந்த கணினி எழுத்துகளைப் படங்களாக்கி அனுப்ப, அப்படங்களையே தமிழாகப் படித்துவந்தனர்.

இவ்விடரை முதலில் எதிர்கொண்டவர்களுள் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் குறிப்பிடத்தக்கவர். 1980-களின் நடுவிலேயே கணினிக்கு முரசு என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கியவர் அவர். கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுதுதற்குச் செல்லினம் என்னும் செயலியை ஆக்கி, 2005-ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிட்டார். அப்பொழுது ஐபோனும் இல்லை, ஆண்ட்ராய்டும் இல்லை. ஜாவா செயலிகள் இயங்கும் பொத்தான் கைப்பேசிகளே இருந்தன. கைப்பேசிக்குத் தமிழ் தெரியாதவிடத்து, எழுத்துருவையும் அதனை ஒழுங்குபடுத்தும் நெறியையும் செயலியே சுமந்து செல்லுதல் வேண்டும். வழியில்லாத மலையில் நடுவோன் வழியையும் தானே வெட்டினான் என்று மேலே கூறினோமன்றோ? அது இதுவே.

நான்காவது இடர்: நிலக்கிழாரின் விருப்பம்

செல்லினம் பின்னர் ஐபோனுக்கும் வந்தது. ஆயின் அத்தளத்தில் பிறர் ஆக்கிய விசைப்பலகையை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்துதற்கு 2014-ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்பு வரையில் அனுமதி இல்லை. ஆகவே தமிழில் எழுதுவோர் ஒரு செயலிக்குள்ளே எழுதி, அதனைப் படியெடுத்து, வேண்டிய இடத்தில் கொண்டுபோய் ஒட்டவேண்டியிருந்தது. ஆக்குநரின் திறமைக்குறைவன்று இது. நிலக்கிழார் இட்ட வேலி.

2013-ஆம் ஆண்டில் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது தமிழ் விசைப்பலகைகள் ஐபோனுக்குள்ளேயே இடம்பெற்றன. பிறர் தேவை கண்டு பாடுபட்டு ஆக்கியதைத் தளத்தார் தாமே இலவசமாகத் தரத் தொடங்குதல் இத்தொழிலில் அடிக்கடி நிகழ்வது. அன்றோடு ஆக்குநரின் வாணிகம் முடிந்துபோதலும் உண்டு.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஐபோனில் இடம்பெற்ற விசைப்பலகைகள் இரண்டு. ஒன்று, 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99. மற்றொன்று, முரசு மென்பொருளின் வழியாக மக்கள் கைகளுக்குப் பழக்கமாகியிருந்த அஞ்சல் முறை. அக்கருவிகளில் காணப்படும் ‘தமிழ் சங்கம் எம்.என்.’ என்னும் எழுத்துருவின் பெயரிறுதியில் நிற்பனவும் முத்து நெடுமாறன் என்னும் பெயரின் முதலெழுத்துகளே. பொத்தான் கைப்பேசிகளின் காலம் போயிற்று. அவற்றுக்கென எழுதிய நிரலும் போயிற்று. விசைகளின் அமைப்பும், எழுத்தின் வடிவும், யூனிகோடு என்னும் பொதுநெறியும் போகவில்லை. அவை தளத்துக்குத் தளம் மாறி வந்து, இன்றும் மக்களுக்குப் பயன்படுகின்றன.

ஐந்தாவது இடர்: நிலமே மறைதல்

தோட்டம் நட்டவன் மலை நிற்கும் என்று நம்பலாம். தளத்தில் நட்டவன் அவ்வாறு நம்புதற்கில்லை. ஒருகாலத்தில் உலகெங்கும் பரவியிருந்த நோக்கியா கைப்பேசிகளுட் பலவற்றைச் சிம்பியன் என்னும் தளமே இயக்கிற்று. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அந்நிறுவனம், இனி விண்டோஸ் போன் தளத்தையே தலைமையாகக் கொள்வதாக அறிவித்தது. சிம்பியனின் நுணுக்கங்களை ஆண்டுக்கணக்காகப் பயின்றவர்களின் கல்வி ஒரே அறிவிப்பால் பயன் குன்றிற்று. அவருள் பலர் விண்டோஸ் போனுக்கு மாறினர். அத்தளத்தின் இறுதிப் பதிப்புக்கும் 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு ஆதரவு நின்றது. 2022-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் பழைய பிளாக்பெரி தளத்தின் சேவைகளும் நிறுத்தப்பட்டன.

இம்மாறுதல் தமிழ்நாட்டுக்குத் தொலைவிலே நிகழ்ந்ததன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, ஆயிரக்கணக்கான இளைஞர்க்கு, சிறப்பாகப் பெண்மக்களுக்கு, வேலையளித்த நோக்கியா தொழிற்சாலை 2014-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளோடு மூடப்பட்டது. வரி வழக்கு முதலிய பிற காரணங்களும் அதற்கு உண்டு. ஆயினும் தளம் சரியும்போது அதன்மேல் நிற்போர் அனைவரும் அசைவர் என்பது நம் கண்முன்னரே காட்டப்பட்டது.

எம் பிழை

பிறர் வரலாற்றைக் கூறிய யாம் எம் பிழையையும் கூறுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் மாணவர் மூவர், சேர்வராயன் மலையின் உட்புறத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் சிறு தோட்டக்காரர்க்காகச் செயலி ஒன்று ஆக்கினர். வணிகரிடம் தந்த காப்பி, மிளகு ஆகியவற்றின் எடையையும், முன்பணமாகப் பெற்ற தொகையையும் குறித்துவைப்பதே அதன் வேலை. அதனை மேற்பார்த்தவர் யாமே.

முதற்பிழை விரைவில் வெளிப்பட்டது. செயலி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இணையத்தை நாடிற்று. எடை போடுமிடமோ பள்ளத்தில் இருந்தது. அங்கு டவர் கிடைப்பதில்லை. கல்லூரி அறையில் இருந்துகொண்டு ஆக்கிய எமக்கு இது தோன்றவில்லை. மாணவர்கள் இருமுறை மலையேறிச் சென்று அதனைத் திருத்தினர்.

இரண்டாம் பிழை பின்னரே தெரிந்தது. மாணவர் மூவரும் பட்டம் பெற்றுச் சென்றனர். தளத்தின் விதிகள் மாறின. பழைய செயலிகளைப் புதுப்பிக்குமாறு வந்த அறிவிப்புகள், எவரும் திறவாத அஞ்சல் முகவரிக்குச் சென்றன. செயலி கடையிலிருந்து மறைந்தது. அச்சமயத்தில் கணவரை இழந்த அம்மையார் ஒருவரின் கைப்பேசி பழுதாயிற்று. புதிய கைப்பேசியில் செயலியை ஏற்றக் கூடவில்லை. வணிகரோ, மூன்று பருவங்களின் முன்பணத்தில் பெருந்தொகை நிலுவையில் உள்ளது என்றார்.

மாணவருள் ஒருவர் தொடக்கத்தில், மாதந்தோறும் கணக்கை எளிய அட்டவணையாக வெளியே எடுத்துத் தாளில் அச்சிட்டுத் தரவேண்டும் என்று வற்புறுத்தியிருந்தார். வீண் வேலை என்று யாமே அவரைக் கடிந்ததும் உண்டு. அவர் இருந்தவரையில் அது நடந்தது. அத்தாள்களை அம்மையார் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அவற்றால் இரண்டு பருவங்களின் கணக்கு நேராயிற்று. அம்மாணவர் சென்றபின் வந்த மூன்றாம் பருவத்துக்குத் தாள் இல்லை. அதற்கு வணிகர் கூறிய தொகையையே அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எம்மிடம் அவர் கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. “நோட்டில எழுதியிருந்தா இருந்திருக்குமே, சார்” என்று மட்டும் சொன்னார். அச்சொல்லை யாம் மறக்கவில்லை.

முடிவுரை

மாணவர் வினாவுக்கு இப்பொழுது விடை கூறுவோம். புதுத்தளத்தில் முதலில் இறங்குதல் தவறன்று. முதலில் இறங்கினவர் இலரேல் நம் கைப்பேசியில் தமிழ் எழுத்து இவ்வளவு விரைவில் தோன்றியிராது. ஆயின் முதல்வராதல் ஒன்றே பயன் தருமென்று எண்ணுதல் தவறு. இறங்குமுன் மூன்று வினாக்களைத் தனக்குத்தானே வினவிக்கொள்ளுதல் வேண்டும். இத்தளத்தின் விதியை மாற்றுபவர் யார்? தளமே நாளை இல்லாதொழிந்தால் நம் கையில் எஞ்சுவது யாது? நாம் அகன்றபின் இதனைப் பேணுவோர் யார்?

எஞ்சுவது ஒரு தளத்தின் நுணுக்கம் மட்டுமாயின், அதன்பொருட்டுத் தோட்டத்தை ஈடுவைத்தல் தகாது. எஞ்சுவது எத்தளத்துக்கும் பொருந்தும் கல்வியும், பொதுநெறியில் எழுதப்பட்ட தரவும், மக்கள் தேவையைப் பற்றிய அறிவுமாயின், தளம் போயினும் நட்டம் சிறிதே. ஏற்காட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரத்தின்மேல் ஏற்றுகிறார்கள். மரம் வெட்டுண்டால் கொடி சாயும். ஆகவே தோட்டக்காரன் கொடியின் தண்டுகளைத் தனியே பதியன் வைத்துக் காக்கிறான். அடுத்த மரத்தில் ஏற்றுவதற்கு அது போதும்.

அம்மாணவர் தோட்டத்தை ஈடுவைக்கும் எண்ணத்தை விட்டார். இப்பொழுது கல்லூரிக் கணினியில், தம் வகுப்புத் தோழர் இருவரோடு, அம்மலையூர்ச் செயலியை மீண்டும் ஆக்கிவருகிறார். இணையமின்றி அது இயங்கும். கணக்கை எந்தக் கைப்பேசியிலும் திறக்கத்தக்க எளிய அட்டவணையாகவும் தாளாகவும் தரும். மூன்றாம் வினாவுக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவரும் பட்டம் பெற்றுச் செல்லுவார்.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர்களே, உங்களுள் பலர் இத்தொழிலிலேயே இருக்கிறீர்கள். மாதத்தில் ஒருநாள் மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்க இருவர் முன்வந்தாலும் போதும். கடையிலிருந்து வரும் அறிவிப்பைப் படித்து, வேண்டிய திருத்தத்தைச் செய்து, பருவத்துக்கு ஒருமுறை மலையேறிச் சென்று எடை போடுமிடத்தில் நின்று பார்ப்பதே வேலை. விருப்பமுள்ளோர் கணினித் துறைக்கு எழுதுவார்களாக. அடுத்த காப்பிப் பருவம் தொடங்குமுன் உங்கள் கடிதம் வந்து சேருமாயின் நன்று.